நான் வந்தால் எல்லாருக்கும் டீ தாகம்

ஆட்டோ ஓட்டுகிறவன் ரோட்டைவிட அதிகமாகப் பார்ப்பது தலைக்கு நேரே இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியைத்தான். அதில் தெரிவதெல்லாம் அடுத்தவனுடைய சந்தோஷம்.

நான் பாலசமுத்திரத்துக்காரன். கரும்பு போட்டேன். தண்ணீருக்காக மூன்று இடத்தில் போர் போட்டேன். மூன்றிலும் புழுதிதான் வந்தது. நிலம் கைவிட்டுப் போனதும் மனைவி ரோசம்மாவோடு திருப்பதிக்கு வந்து, மலையடிவாரத்து அலிபிரி ஸ்டாண்டில் வாடகை ஆட்டோ ஓட்டினேன். ஊரே குவைத்துக்கும் பெங்களூருக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆட்டோவும் போய்விட்டால் ரோசம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போவதென்று முடிவாகியிருந்தது. அவள் பாஸ்போர்ட் வந்து டிரங்குப் பெட்டியில் தயாராக இருந்தது. வண்டியோடு எங்கேயாவது மோதிவிடலாமா என்று நினைத்த நாட்களும் உண்டு. அடுத்தவன் நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது புரியாது.

மொட்டை

மலையிலிருந்து இறங்கி வருகிற ஒவ்வொரு மொட்டைத் தலையும் எனக்கு ஒரே சேதியைத்தான் சொல்லும்: இவனுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. விசாவோ, வேலையோ, பிள்ளையோ, ஏதோ ஒன்று. சரி, நாம்தான் கிறிஸ்தவச் சபைக்குப் போகிற ஆளாயிற்றே, அங்கேயாவது நிம்மதியாக இருப்போம் என்றால், ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்களுக்கும் விசா, வேலை, பிள்ளைதான். நான் ஆமென் சொல்வேன். வயிறு தனியாக எரியும்.

ஒருநாள் குடியாத்தம் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஏறியது. மொத்தப் பேரும் மொட்டை, தலையெல்லாம் சந்தனம். போரில் தண்ணீர் வந்ததற்கு வேண்டுதலாம். "மொதல் போர்லயே பீச்சிக்கினு அடிச்சிச்சுப்பா!" என்று பெரியவர் ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தத் தண்ணீர் என் காதில் கொட்டியது. பொறுக்க முடியாமல் என் மூன்று போர் கதையைச் சொன்னேன். பெரியவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். இறங்கியதும் என் தலையை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீயும் ஒரு மொட்ட வேண்டிக்கன்னு சொல்லலாம்னு பாத்தேன். உனக்குக் குடுக்கறதுக்கு முடியே இல்லியே நைனா!"

ஸ்டிக்கர்

வரிசையில் முன்னால் நிற்கிறவனுக்குத்தான் சவாரி என்பது ஸ்டாண்டு சட்டம். ஆனால் ஜனங்கள் என்னைத் தாண்டிப்போய் எனக்குப் பின்னால் நிற்கும் முனிரத்தினத்திடம் கேட்பார்கள். அவனுக்குச் சொந்த வண்டி. நெற்றியில் நாமம், வண்டியில் பாட்டு, வாயில் சிரிப்பு. அவனும் சட்டப்படி என் வண்டியைக் கை காட்டுவான். அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தே போய்விடுவார்கள்.

காரணம் என் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த 'இயேசு ரட்சிக்கிறார்' ஸ்டிக்கர்தான் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு காலையில் மனசு உறுத்த உறுத்த, ஈரத் துணியால் தேய்த்து எடுத்தேன். அன்றைக்கும் அதே கதைதான். மத்தியானம் முனிரத்தினம் வந்து வெறும் கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். "ஏம் அண்ணா, அத ஏன் கிழிச்சே? அது பாட்டுக்கு இருந்திட்டுப் போவுது. ஜனம் பயந்துக்கினு ஓடறது ஸ்டிக்கரப் பாத்து இல்ல, உன் மூஞ்சியப் பாத்து."

நாராயணவனம் சவாரி

குவைத்திலிருந்து வந்த ஒரு பெண், வேண்டுதலை முடித்துக்கொண்டு, லாட்ஜில் வைத்திருந்த பெட்டிகளோடு நாராயணவனத்துக்கு என் வண்டியைப் பேசினாள். வழியெல்லாம் கண்ணாடியில் அவளுடைய வளையல்கள்தான் தெரிந்தன. அவற்றை மனசுக்குள் ரோசம்மா கையில் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். போகட்டும், நம்மவளும் போய்விட்டு வரட்டுமே என்றுகூடத் தோன்றியது.

வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெண் குழந்தை நின்றது. இவள் கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறி என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பொம்மை காட்டினாள், பிஸ்கட் காட்டினாள். பிடி தளரவில்லை. என் வாழ்நாளில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் ஆள் அந்தப் பெண்தான். "கைக்கொழந்தையா உட்டுட்டுப் போனேண்ணா. பெத்தவ நானு, உன் சட்டையப் புடிச்சிக்கினு கீது. உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுது."

டீ

அன்றிலிருந்து குவைத் என்ற பேச்சே எனக்குக் கசந்தது. ஆனால் வண்டி ஓனருக்கு அது எப்படித் தெரியும்? பாக்கி வாடகை சனிக்கிழமைக்குள் வரவில்லையென்றால் சாவியைக் கொடுத்துவிடு என்று, ஸ்டாண்டில் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் ஸ்டாண்டில் ஒரு விநோதம். நான் வரிசையின் கடைசியில் வண்டியை நிறுத்தினால் போதும், முன்னால் நிற்கிற எல்லாருக்கும் டீ தாகம் எடுத்துவிடும். முதலில் முனிரத்தினம் எழுந்து போவான், பின்னாலேயே மற்றவர்கள். மலையிலிருந்து கூட்டம் இறங்கும்போது டிரைவர் உட்கார்ந்திருக்கிற வண்டி என்னுடையது ஒன்றுதான். என் மூஞ்சியைச் சகித்துக்கொண்டு ஜனங்கள் ஏறினார்கள். இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடியும் டீ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நாயாய் அலைகிறேன், இவர்களுக்குச் சவாரியை விட்டுவிட்டு உட்கார்ந்து டீ குடிக்கிற அளவுக்குப் பணத்திமிர் என்று ரோசம்மாவிடம் திட்டித் தீர்த்தேன்.

வெள்ளிக்கிழமை, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று டீக்கடைக்குள் நுழைந்தேன். எல்லாரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கையிலும் கிளாஸ் இல்லை. கடைக்கார அக்கா என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்: "வா சாலமன், நீயாவது ஒரு டீ துட்டு குடு. ஒரு வாரமா இவனுங்க என் பெஞ்சத் தேச்சிக்கினு கீறானுங்க, ஒருத்தனும் வாங்கிக் குடிக்கல. நீ சவாரி ஏத்திக்கினு போயிட்டியான்னு எட்டி எட்டிப் பாக்கறதே இவனுங்களுக்கு வேல!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. "ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று முனிரத்தினத்தைக் கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்தான். "சொன்னா நீ வாங்கிக்குவியா அண்ணா? போன வருசம், நீ இங்க வர்றதுக்கு முந்தி, ஃபைனான்ஸ்காரன் என் வண்டியத் தூக்க வந்தப்போ, இவங்கல்லாம் இதே பெஞ்சில எனக்கோசரம் உக்காந்துக்கினு இருந்தாங்க. நானும் தெரியாம பணத்திமிருன்னு திட்டினேன். கூட்டம் எறங்குது பாரு, பதா, கெளம்பு, வண்டிய எடு."

எடுத்தேன். சனிக்கிழமை சாவி என் பாக்கெட்டிலேயே இருந்தது. ரோசம்மாவின் பாஸ்போர்ட் பாச்சை உருண்டை வாசனையோடு பெட்டிக்குள்ளேயே காலாவதியானது.

இப்போதெல்லாம் நான் அந்தப் பெஞ்சில் டீ இல்லாமல் உட்கார்ந்திருக்க, ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்தவன் ஒருவன் என்னை முறைத்து "பணத்திமிர்" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பும்போது, அந்த வசவு காதுக்கு எவ்வளவு சுகம் என்பது உங்களுக்கும் ஒருநாள் தெரியவேண்டும்.