வெயில் மேல் போட்ட பழி

2004-ஆம் வருடக் கோடை. ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றுப் பக்கம் என் சொந்தத் தோல் ஷெட். சொந்தம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, தலையில் ஈரத்தோல் சுமந்து, நாற்பது பேருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வந்தவன் நான். தோலைத் தடவிப் பார்த்தே ஆடு எந்தப் பக்கத்து ஆடு என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் இங்கே எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருடம் பொங்கல் முடிந்ததும் வேலூரிலிருந்து ஒரு பெண் வந்தார். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் விடாமல் ஆராய்ச்சி செய்கிறவர். தோலில் இருக்கும் கொழுப்பை எடுக்க நாங்கள் ஒரு சோப்பு மருந்து போடுவோம். அது கழிவோடு போய், உடம்புக்குள் ஹார்மோன் மாதிரி வேஷம் கட்டுமாம். ஆண் மீனுக்குக்கூட உள்ளே முட்டை உண்டாகிவிடுமாம்.

"எங்க பாலாத்துல தண்ணியே இல்ல, மீன் எங்கமா இருக்கு?" என்றேன். மேஸ்திரியிலிருந்து எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"தண்ணி கெணத்துல இருக்கே ஐயா. அத நாமதான குடிக்கிறோம்?"

சோதனை செய்து பார்க்க ஷெட்டில் கொஞ்சம் இடம் கேட்டார். பின்பக்கம் இடம் கொடுத்தேன். நான்கு பிளாஸ்டிக் டிரம் கொண்டுவந்து, எங்கள் கழிவுத் தொட்டிச் சேற்றை நிரப்பினார். சேற்றில் இருக்கும் கிருமிகளுக்கு அந்த மருந்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தின்னப் பழக்குவதுதான் அவர் வேலை. வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் வருவார். மருந்து ஊற்றிக் கலக்கினால் நுரை பொங்கும். தை மாதத்தில் நாலைந்து நாள் நின்ற நுரை, பங்குனியில் மறுநாளே அடங்கியது. "சாப்ட்டுடுச்சுங்க ஐயா" என்பார், குழந்தைக்குச் சோறூட்டியவர் மாதிரி. ஜூனோடு அவருடைய ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலம் முடிகிறது. அதற்குள் காரியம் பலித்துவிடும் என்று இருந்தார்.

சித்திரையில் வெளிநாட்டு ஷூ கம்பெனிக்காரர்கள் ஷெட்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சாக்கடையைக் கழுவி எல்லாம் ஆயிற்று. அந்த டிரம்கள் மட்டும் நாறின. பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னேன். மேஸ்திரி தயங்கினார்.

"அந்தம்மா தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சே முதலாளி."

"ஷெட்டு என்னுதா, அந்தம்மாதா?"

நானே அள்ளி அள்ளிப் போட்டேன். வந்தவர்கள் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று நாள் கழித்து அவர் வழக்கம்போல வந்து மருந்து ஊற்றிவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோது நுரை அப்படியே நின்றது. முகம் செத்துப்போய் என்னிடம் வந்து, யாராவது எதையாவது போட்டார்களா என்று கேட்டார். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு இன்னாத்தமா போடப்போறாங்க? வெயில் ஜாஸ்தி. முப்பது வருசமா இந்தச் சேத்தப் பாக்கறேன், சித்திர வெயிலுக்கு எல்லாம் செத்துப்பூடும்."

நம்பிவிட்டார். சூட்டில் துவண்ட கிருமி மறுபடி எழும் என்று, வரும்போதெல்லாம் நனைத்த சாக்கைத் தூக்கி வந்து டிரம்களுக்குப் போர்த்தினார். அவர் வராத நாளில் மேஸ்திரி நனைத்துப் போட்டார். நான் நிழலில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்தேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை எழுந்தேன். வேலைக்காரர்கள் முன்னால் மானம் போகுமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் கடைசியில் விடைபெற வந்தார். எழுதிய அறிக்கையைக் காட்டி, எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் தமிழில் சொன்னார். முதல் பக்கத்தில் இடம் கொடுத்த எனக்குப் பெயர் போட்டு நன்றி. உள்ளே ஓரிடத்தில், இந்த வட்டாரத்து வெயிலை இந்தக் கிருமிகள் தாங்கவில்லை, முப்பது வருட அனுபவமுள்ள ஷெட் உரிமையாளரும் அதையே சொன்னார் என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் பிளீச்சிங் பவுடர் போட்டதைச் சொன்னேன்.

அவர் அறிக்கையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா, கொட்டிட்டு புதுச்சேறு வெச்சு ஆரம்பிச்சிருப்பேன் ஐயா. ரெண்டு மாசம் இருந்துச்சு" என்றார். குரலை உயர்த்தவில்லை. பேனாவை எடுத்து அந்த வெயில் வரிகளை அடித்தார்.

"என் பேரையும் அடிச்சிடுமா" என்றேன்.

"இடம் குடுத்தது நெசந்தான ஐயா. அது இருக்கட்டும்."

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளாத பெருமை ஊரில் எதுவும் பாக்கியில்லை. ஆனால் படித்த ஒருவரின் ஆராய்ச்சியில் என் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதை மட்டும், பெற்ற பிள்ளைகளிடம்கூட இன்றுவரை சொல்ல வாய் வரவில்லை.