பென்சில் புள்ளி

அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு, வழக்கம்போல், செயலியில் வருகையைப் பதியாத ஆசிரியர்களின் பட்டியல் என் கைப்பேசிக்கு வந்தது. ஒரே ஒரு பெயர்: நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வசந்தகுமாரி. ‘தகவலின்றிப் பணிக்கு வராதவர்’ என்று சிவப்பில் இருந்தது. நான் அந்த வட்டாரத்தின் கல்வி அலுவலர். இத்தகையோருக்கு அனுப்ப ஒரு வாசகத்தை ஆயத்தமாக வைத்திருக்கிறேன். இன்று மாலைக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும் என்பது அது. அதை அனுப்பினேன். பத்தேகாலுக்கு அவருடைய பள்ளியின் உதவியாசிரியர் அழைத்தார்.

“சார், எச்.எம். போய்ட்டாங்க சார்.”

“எங்க போனாங்க? பர்மிஷன் சொன்னாங்களா?”

“சார்… குடியாத்தத்துல, வீட்லயே. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள…” என்றார்.

நான் அனுப்பிய செய்தியின் கீழ் இரண்டு நீலக் குறிகள் விழுந்திருந்தன. அந்த வீட்டில் அதைப் படித்தது யார் என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவும் வரவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு, இதைப் படிக்கும் ஆசிரியர்களான நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், நம் பகுதிப் பள்ளிகள் கணினிமயமானதற்கு வசந்தா டீச்சர் ஒரு தூண் என்று பேசினார். திரையில் அவருடைய பள்ளியின் வரைபடம் ஓடியது. எல்லாப் பட்டைகளும் பச்சை. நாம் கைதட்டினோம். அந்தப் பச்சையில் ஒரு பகுதி எப்படி வந்தது என்பது அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எனக்கு மட்டுமே தெரியும். நினைவஞ்சலி என்ற பெயரில் அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அவரைப் பழைய காலத்து ஆள் என்று எவரும் கருத வேண்டாம். தொடுதிரைப் பலகைகள் நம் பள்ளிகளுக்கு வந்தபோது, உறை பிரிக்காமல் பூட்டி வைத்த தலைமையாசிரியர்களை நான் அறிவேன். இவரோ அவை வந்த அன்றே மாட்டச் செய்தார். தாய்மார்களில் பாதிப்பேர் ஷூ கம்பெனிகளில் தைப்பவர்கள், பள்ளிக்கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் என்பதால், அவர்களுடைய உணவு இடைவேளையைக் கேட்டறிந்து அந்த நேரத்தில் வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்புவார். வட்டாரப் பயிற்சியில் நான் செயலியை விளக்கியபோது, என் விளக்கம் புரியாதவர்கள் தேநீர் வேளையில் அவரைத்தான் சூழ்ந்துகொள்வார்கள். “கம்ப்யூட்டர் மேல எனக்கு இன்னா சார் கோவம்? அது ஒரே கேள்விதான் கேக்குது, வந்தானா, வர்லியான்னு. ஏன் வர்லன்னு கேக்கத் தெரியலியே” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்கான காரணப் பட்டியல் அடுத்த பதிப்பில் வரும் என்று பதிலளித்தேன். அதைச் சிரிக்காமல் சொன்னேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

காகிதப் பதிவேடு தேவையில்லை என்று சுற்றறிக்கை வந்த பிறகும் அவர் எட்டாம் வகுப்புக்கு ஒன்றை எழுதி வந்தார். அதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வராத பிள்ளையின் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். மாலையில் பிள்ளையின் வீட்டுக்குப் போவார், அல்லது ஃபோன் செய்வார். அந்தப் பிள்ளை திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்த பிறகே புள்ளிகளை அழித்து, மையால் ‘வராத நாள்’ என்று எழுதுவார். அரசுப் பதிவேட்டில் பென்சில் கூடாது என்று ஆய்வுக் குறிப்பில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். “மையில எழுதிட்டா முடிஞ்சிபோச்சுன்னு நம்மளே நெனைச்சிக்குவோம் சார். பென்சில்ல இருந்தா உறுத்திக்கினே இருக்கும்” என்றார்.

நஸ்ரின் விவகாரம் அதற்கு அடுத்த ஆண்டு. எட்டாம் வகுப்பு மாணவி. தகப்பன் விட்டுப் போனவர். தாய் பானு வேலைபார்த்த கம்பெனியில் ஆர்டர் குறைந்ததால், மகளை அழைத்துக்கொண்டு வாலாஜாபேட்டையில் அக்காள் வீட்டுக்குப் போனார். ரம்ஜான் முடிந்து வந்துவிடுவதாக டீச்சரிடம் சொல்லியிருந்தார். முப்பது நாள் தொடர்ந்து வராத பிள்ளையைப் பள்ளியின் கணக்கிலிருந்து நீக்கி, இணையதளத்தின் பொதுத் தொகுப்புக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. காமன் பூல் என்று நாமெல்லாம் சொல்வது இதைத்தான். அங்கே இருக்கும் பிள்ளை எந்தப் பள்ளிக்கும் உரியது அல்ல. டீச்சர் மாற்ற மறுத்தார். மறுநாள் மாவட்ட ஆய்வுக் கூட்டம். என் வட்டாரம் முழுவதும் பச்சையாக இருக்க, அந்த ஒரு பள்ளி மட்டும் சிவப்பாக இருந்தது. என் அலுவலகக் கணினியிலிருந்து நானே மாற்றினேன். ‘உறுதியா?’ என்று கேட்டது. ‘ஆம்’ என்பதை அழுத்தினேன்.

ரம்ஜான் முடிந்தது, சொன்னபடியே பானு மகளோடு திரும்பி வந்தார். தொகுப்பிலிருந்து பிள்ளையை மீட்க, பெற்றோரின் பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண்ணோ விட்டுப் போன தகப்பனிடம் இருந்தது. டீச்சர் என் அலுவலகத்துக்கு வந்தார்.

“ஓ.டி.பி. இல்லாம வேற வழியே இல்லியா சார்?”

“இல்ல மேடம்” என்றேன்.

அது பொய். பொதுத் தொகுப்பு பற்றிய சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி உண்டு. வட்டார அலுவலர், காரணங்களை எழுத்தில் பதிவு செய்து, தம் பொறுப்பில் மீட்கலாம். அந்தப் பத்தியை நான் அறிவேன். எனக்குத் தெரியாத பத்தி கிடையாது. ஆனால் காரணங்களை எழுதினால், ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் நான் அழுத்திய ‘ஆம்’ என்பதையும் எழுத வேண்டியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அவர் பள்ளிக்கு ஆய்வுக்குப் போனேன். எட்டாம் வகுப்பில் தலைகளை எண்ணினேன்.

“ரோல்ல நாப்பத்தொண்ணுதானே மேடம்? நாப்பத்திரண்டு இருக்கே.”

“கம்மியா இருந்தாத்தான் பேஜார்னு நெனைச்சேன். ஜாஸ்தியா இருந்தாலுமா சார்?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. “சட்டப்படி நஸ்ரின்ங்கிற பொண்ணு இந்த ஸ்கூல்லயே இல்ல” என்றேன், உரக்க.

“இல்லாத பொண்ணுதான் சார் போர்டுல கணக்கு போட்டுக்கினு நிக்குது” என்றார் டீச்சர்.

பலகையருகே நின்ற பெண் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். நான் அங்கேயே, டீச்சரின் மேசையிலேயே, அனுமதியற்ற மாணவியை வகுப்பில் அமர்த்தியதற்கு விளக்கம் கோரும் குறிப்பாணையை எழுதிக் கொடுத்தேன். தன்னால்தான் டீச்சருக்கு மெமோ என்று அந்தப் பெண் புரிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து வரவில்லை. டீச்சரின் விளக்கம் ஒரே வரி: ‘மாணவி இருக்கிறார், இணையதளத்தில்தான் இல்லை.’ அதன் ஓரத்தில் ‘திருப்திகரமாக இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள், பொறுப்பு ஒப்படைப்புக்காக உதவியாசிரியர் அந்தப் பதிவேட்டை என் மேசையில் வைத்தார். நாற்பத்திரண்டாவது வரி நஸ்ரின். ரம்ஜானுக்குப் பின் திரும்பி வந்த இரண்டு வாரமும் மையில் வருகை. அதன்பின் பென்சில் புள்ளிகள், ஒரு வேலைநாள் விடாமல், டீச்சர் இறந்ததற்கு முந்தைய நாள் வரை.

“எச்.எம். டெய்லி அந்த வீட்டுக்குப் போய்ட்டுத்தான் சார் பஸ் ஏறுவாங்க” என்றார் உதவியாசிரியர்.

காரணங்களை எழுதினேன். என் ‘ஆம்’ உட்பட எல்லாவற்றையும். பெயரை மீட்க நான்கு நிமிடங்கள் ஆயின. நான்கே நிமிடங்கள். அன்று மாலை பானுவின் வீட்டுக்குப் போனேன். தாயும் மகளும் ஷூ மேல்தோல்களைக் குவித்துப் போட்டு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பேரு சேத்தாச்சும்மா. பொண்ணு நாளைக்கே வரலாம்.”

பானு தலை நிமிரவில்லை. “டீச்சரம்மா இருந்தப்ப இல்லாத வழி, இப்ப எங்கேர்ந்து சார் வந்துச்சு?”

நான் விதியை விளக்கத் தொடங்கினேன். நஸ்ரின் குறுக்கிட்டாள்.

“நான் வந்தா யாருக்கு சார் மெமோ குடுப்பீங்க?”

அவள் கேலிக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டாள்.

அவள் இன்னும் பள்ளிக்கு வரவில்லை. காலை ஒன்பது நாற்பதுக்குச் செயலி அவளை வராதவர் என்று காட்டுகிறது. முப்பது நாள் கணக்கு மறுபடி ஓடுகிறது. அது முடியும் நாளில் அழுத்த வேண்டியவன் நான்தான். மாலையில் அந்த வீட்டுக்குப் போகிறேன். நேற்று பானு உட்காரச் சொன்னார், அதற்குமேல் ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் பள்ளியில் இறங்கி, நாற்பத்திரண்டாவது வரியில், அரசுப் பதிவேட்டில் கூடாது என்று நானே மூன்று முறை எழுதிய பென்சிலால், ஒரு புள்ளி வைக்கிறேன். வசந்தா டீச்சரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான். இன்றையது பதினேழாவது.