சுபேதார் மாமா சொன்ன திருத்தம்

என் கையில் ஒரு கத்தை மஞ்சள் காகிதத் துண்டுகள் இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்கு, கல்கத்தாவின் பவானிபூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடிக் கூடத்தில் எங்கள் திரைப்படச் சங்கம் படம் போடும். ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருப்பார்கள். திரைத்துணி ஆடுகிறது என்று முன்வரிசை மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். வேர்த்து வழிய உட்கார்ந்து படம் பார்த்து எழுந்திருப்பவர்களிடம், வாசலில் நின்றுகொண்டு ஆளுக்கொரு மஞ்சள் துண்டை நீட்டி, "படம் எப்படி இருந்தது, இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது என் வேலை. அவற்றில் நல்லதாகப் பொறுக்கி சங்கத்தின் அடுத்த மாதச் செய்திமடலில் போடுவோம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. வங்காளமும் தமிழும் ஆங்கிலமும் எழுதத் தெரியும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எங்கள் வீடு லேக் கார்டன்ஸில் மூன்றாவது மாடி. தரைத்தளத்தில் சுபேதார் மாமாவும் அத்தையும் இருந்தார்கள். வேலூர்ப் பக்கத்துக்காரர்கள். மாமா இருபத்தெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் கல்கத்தாவில் ஒரு கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். இரண்டு பேரையும் சங்கத்தில் சேர்த்துவிட்டது நான்தான். அத்தைக்கு வங்காளமும் வராது, ஆங்கிலமும் வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகக் கதை சொல்வேன். பாதிப் படத்துக்கு மேல் நான் சொல்லவே வேண்டியிருக்காது. "அவ பொய் சொல்றா, மூஞ்சிலயே தெரியுது" என்று எனக்கு அத்தை சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர்களுடைய ஒரே மகனும் பட்டாளத்தில்தான் இருந்தான். எல்லையில் சண்டை மூண்ட அந்தக் கோடையில் அவனுடைய படைப்பிரிவு மேலே, மலையில் இருந்தது. மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. அந்த மாதத்துக்கென்று நாங்கள் முன்பே ஏற்பாடு செய்திருந்த படமோ போரை எதிர்க்கும் படம். ஐரோப்பாவில் எப்போதோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், உலகமெல்லாம் கொண்டாடிய படம். மலையுச்சிக் காவல் அரண் ஒன்றில் நாற்பது சிப்பாய்கள். அவர்களுக்கு ஒரு சமையல்காரன். ஒவ்வொரு நாளும் ஆள் குறைகிறது. அவன் மட்டும் நாற்பது பேருக்கே சமைக்கிறான், நாற்பது தட்டுகளையே அடுக்குகிறான். கடைசியில் நாற்பது தட்டுகளுக்கு முன்னால் அவன் ஒருவனே நிற்கிறான்.

இந்த நேரத்தில் இதைப் போடலாமா என்று கமிட்டியில் பெரிய சண்டை. எங்கள் செயலாளர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். "இந்த நேரத்தில் போடாமல் வேறு எப்போது போடுவது?" என்று மேஜையைத் தட்டிவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. அன்று மாலையே தரைத்தளத்துக்குப் போய், "இந்த மாசம் படத்துக்கு வர வேண்டாம் அத்தை, அது ஒரு மாதிரிப் படம்" என்றேன்.

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னாத்துக்கும்மா வேணாம்? படத்துல சுட்டா எம்புள்ள மேலயா படப்போவுது?"

"ஊட்ல குந்திக்கினு அந்த டிவியையே பார்த்துக்கினு இருக்கிறதுக்கு அங்க வந்து குந்தலாம்" என்றார் அத்தை.

வந்தார்கள். மாமா எப்போதும்போல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அத்தை கைப்பையில் தண்ணீர் பாட்டில். படம் தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். பத்தொன்பது வயதுச் சிப்பாய் ஒருவன் சமையல்காரனிடம் தட்டை வாங்கி அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, அழைப்பு வந்ததென்று மேலே ஏறிப் போகிறான். அடுத்த காட்சியில் அந்தத் தட்டு மட்டும் இருக்கிறது. அத்தை எழுந்து வெளியே போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். தாழ்வாரத்துக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அழவில்லை.

"வீட்டுக்குப் போயிடலாமா அத்தை? நான் கூட வரேன்."

"வேணாம். முடிவு தெரியாம போனா ராவெல்லாம் அதையே நெனச்சிக்கினு இருப்பேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனார்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் கலந்துரையாடல் தொடங்குவது வழக்கம். அன்று யாரும் தன் முறைக்குக் காத்திருக்கவில்லை. ஒரு மாணவன் எழுந்து, நம் ஜவான்கள் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது இதைப் போடுவது அவர்களை அவமானப்படுத்துவது என்றான். இரண்டாவது வரிசையில் ஒரு பள்ளி ஆசிரியை, இதைப் பார்த்த எவனும் துப்பாக்கியைத் தொடமாட்டான், ஊர் ஊராகப் போட்டுக் காட்ட வேண்டும் என்றார். மூன்றாமவர் சமையல்காரனின் பைத்தியம் ஒரு குறியீடு என்று தொடங்கி நிறுத்தவே இல்லை. குரல்கள் உயர்ந்தன. யாரோ ஒருவர், "இங்கே ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கிறாரே, அவரைக் கேளுங்கள்" என்றார். கூடமே திரும்பி மாமாவைப் பார்த்தது.

மாமா எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தன்னுடைய பட்டாளத்து இந்தியில் பேசினார்.

"ஒரே ஒரு தப்பு இருக்கு. அந்தச் சமையல்காரனுக்குப் பைத்தியம்னு எல்லாரும் சொல்றீங்க. பைத்தியம் இல்லை. எங்க லங்கர்ல, அதாவது பட்டாளத்துச் சமையல்கட்டுல, இத்தனை பேருக்குச் சமைன்னு மேலேயிருந்து ஒரு கணக்கு வரும். காலையில ஆள் போயிட்டா உடனே கணக்கு மாறாது. காகிதம் போய்த் திரும்பி வர ரெண்டு நாள் ஆகும். அந்த ரெண்டு நாளும் போனவனுக்கும் சேர்த்துத்தான் ரொட்டி சுடுவான். அது மிஞ்சும். சண்டையை எல்லாம் தாங்கிக்கலாம். மிஞ்சின அந்த ரொட்டியைத்தான் யாராலயும் சாப்பிட முடியாது. படம் எடுத்தவனுக்கு அது தெரிஞ்சிருக்கு. ஆனா ஏன்னு தெரியலை."

உட்கார்ந்துவிட்டார். அன்றைய கலந்துரையாடல் அத்துடன் கலைந்தது. முதலில் பேசிய மாணவன் மாமாவின் பக்கத்தில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

அன்று மாலை மஞ்சள் காகிதங்களைப் பிரித்தேன். "உலகின் தலைசிறந்த படம்." "படத்தின் அடியில் வரும் எழுத்துகள் சீக்கிரம் மறைந்துவிடுகின்றன." "முன்வரிசைக்கு ஒரு மின்விசிறியாவது வேண்டும்." அவற்றுக்கு நடுவில் கோணல்மாணலான தமிழில் அத்தையின் எழுத்து: "பையன் லெட்டர் வரட்டும். அப்புறம் சொல்றேன்."

மாமாவின் பேச்சை நான் வங்காளத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன், தாதா அதை முதல் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது, அவர் வைத்திருந்த தலைப்பைப் பார்க்கும்வரை. 'போரைக் கண்டிக்கிறார் ஒரு போர்வீரர்.' அவரை எதிர்த்து நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வீட்டு வரவேற்பறையில் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, "தாதா, அவர் அப்படிச் சொல்லவில்லை" என்றேன்.

"அதற்கு அர்த்தம் அதுதானே?"

"இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது ரொட்டியைப் பற்றி. அவர் மகன் அங்கே இருக்கிறான். அவர் சொல்லாததை அவர் வாயில் நாம் போடக்கூடாது. அந்தத் தலைப்போடு வந்தால் நான் மொழிபெயர்த்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

தாதா பேனாவை எடுத்துத் தலைப்பை அடித்துவிட்டு, "நீயே எழுது" என்று தாளை என் பக்கம் தள்ளினார். 'லங்கரைப் பற்றி ஒரு திருத்தம்' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் சிரித்தார். "இதுதான் நல்ல தலைப்பு" என்றார். பெரிய மனிதர்.

ஜூலைக் கடைசியில் ஒரு காலை, அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அந்தக் கட்டடத்திலேயே தமிழ் வீடுகளில் எங்களிடம்தான் தொலைபேசி. இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல்: "அக்கா, அம்மாவைக் கூப்பிடுங்க, சீக்கிரம்." செருப்பில்லாமல் மூன்று மாடி இறங்கினேன். அத்தை எனக்கு முன்னால் ஏறினார், எங்கள் பின்னால் மாமா.

ரிசீவரைக் காதில் வைத்ததும் அவர் கேட்டது, "டேய், காலு ரெண்டும் இருக்கா?" பதில் வந்தது. "கையி?" அதற்கும் பதில் வந்தது. பிறகு ரிசீவரை மாமாவிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா விறைப்பாக நின்றபடி கேட்டார்: "லங்கர்ல இன்னா போடறான்?" அவன் நீளமாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மாமா தலையாட்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. என் அம்மா எல்லோருக்கும் காபி போட்டாள். அன்று நான் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். எவரும் ஏனென்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பேன்.

கடிதமும் வந்தது, அவனும் வந்தான், போனான். அத்தை மட்டும் அப்போதும் தன் கருத்தைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சில வருடங்களில் டி.வி.டி. வட்டுகள் வந்துவிட்டன. அந்தப் படமே கடையில் கிடைக்க ஆரம்பித்தது. வீட்டில் உட்கார்ந்து தனியாகப் பார்க்க ஆளுக்கொரு கருவி வந்தபின் ஞாயிற்றுக்கிழமைக் கூடம் காலியாகிச் சங்கமும் ஓய்ந்தது. அதற்காக நான் அதிகம் வருத்தப்பட்டதாகச் சொல்ல முடியாது. இப்போது இணையத்தில் அந்தப் படத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிலவற்றைப் படிப்பேன். நன்றாகவே எழுதுகிறார்கள்.

வட்டுகள் வந்த புதிதில், துர்கா பூஜை விடுமுறையில் ஒரு மத்தியானம். மகன் விடுப்பில் வந்திருந்தான், நாயக் பதவிக்கு உயர்ந்திருந்தான். அப்பா கூடத்தில் எழுந்து பேசிய கதையைக் கேட்டு, "அந்தப் படத்தைப் போடுங்க அக்கா, நானும் பார்க்கிறேன்" என்றான். வட்டை வாங்கிக்கொண்டு தரைத்தளத்துக்குப் போனேன். மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டு அவன் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தான். ஒரு பட்டாளத்துக்காரன், சண்டையை நேரில் பார்த்தவன், என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குப் பழைய ஆசை கிளம்பிவிட்டது. முதல் குண்டு வெடிப்பதற்குள் தூங்கிப்போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் எழுப்பப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தத்தைக் கொறைச்சிடு. தூங்கட்டும்."

முழுவதுமாகக் குறைத்துவிட்டேன். திரையில் பீரங்கிகள் ஓசையில்லாமல் புகைந்தன. மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே தெருமுனைப் பந்தலிலிருந்து டாக் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேரும் நாற்பது தட்டுகள்வரை பார்த்தோம். படம் முடிந்ததும் அத்தை மகன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதோரம் குனிந்து சொன்னார்:

"நல்ல படம்தான்."