போதகர் பிரசங்கத்தை நிறுத்திய ஞாயிறு

எங்கள் போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பிரசங்க மேடையில் வைத்த நொடி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெளியே ஐப்பசி மழை. குன்னூரின் மூடுபனி ஆலயத்துக்குள்ளும் புகுந்திருந்தது. கிறிஸ்தவ வாழ்வின் சந்தோஷத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். “இதுக்கு மேல என்னால பேச முடியலீங்க. நான் சொல்ற சந்தோஷம் எங்கிட்ட இல்ல. ரொம்ப நாளாவே இல்ல. வெட்கமா இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க” என்றார். கீழே இறங்கி வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

யாரும் ஜெபம் பண்ணவில்லை. பாடகர் குழுவில் இருந்த நாங்கள் அவசரமாக ஒரு பாட்டை எடுத்தோம். எல்லாச் சரணங்களையும் உரக்கப் பாடினோம், அவர் சொன்னதை மூடி மறைப்பதுபோல. ஆராதனை முடிந்ததும் சபைப் பொருளாளர் குடையை விரித்தபடி, “ஏனுங்க டீச்சர், போதகரே இப்படிச் சொன்னா நாம எங்கீங்க போறது? வேற ஊருக்கு மாத்தச் சொல்லிக் கேட்டரலாமுங்க” என்றார். நான் தலையாட்டினேன். போதகர்மேல் எனக்குக் கோபமாக இருந்தது. அவருடைய குறையைத்தான் அவர் சொன்னார். என் வீட்டுத் திரையை யாரோ விலக்கியதுபோல எனக்கு ஏன் இருந்தது என்று அன்று யோசிக்கவில்லை.

அந்த வாரம் அவர் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டில் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, “எப்ப வந்தாலும் நான்தான் ஜெபம் பண்ணுவேன். இன்னைக்கு நீங்க எனக்காகப் பண்ணுங்க டீச்சர்” என்றார். கண்ணை மூடினேன். வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன. மூன்றாவது வாக்கியத்தில்தான் உறைத்தது: எல்லாம் அவருடைய வார்த்தைகள். அவர் இழுத்துச் சொல்லும் இடத்தில் நானும் இழுத்துக்கொண்டிருந்தேன். காதுமடல் சுட்டது. நிறுத்திவிட்டேன். அடுப்பங்கரையில் குக்கர் கூவி அடங்கியது. “எங்கிட்டயும் இல்லீங்க ஐயா. எப்போ போச்சுன்னுகூடத் தெரியாதுங்க” என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதுவே ஜெபம் என்பதுபோல, “ஆமென்” என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

பொருளாளர் வீட்டுக்கும் போயிருக்கிறார். அங்கே என்ன நடந்ததோ, இடமாற்றப் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

டிசம்பரில் எஸ்டேட் குடியிருப்புகளுக்குக் கேரல் பாடப் போனோம். பொருளாளருக்குச் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாகக் கிறிஸ்மஸ் தாத்தா வேடம். சாயங்கால வெளிச்சத்தில் தேயிலைச் சரிவைச் சுற்றித் திரும்பினால், பாதையின் நடுவே ஒரு காட்டெருமை. பாட்டு நின்றது. பொருளாளர் போதகரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து அவர் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். “ஐயா, ஜெபம் பண்ணுங்க, சீக்கிரம் பண்ணுங்க!” காட்டெருமை எங்களை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போயிற்று. போதகர் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தார். அவருடைய மனைவி என் கையைப் பற்றி, “இவரு சிரிச்சே எத்தனை நாளாச்சுங்க டீச்சர்” என்றார். எல்லாரும் சிரித்தோம். ஒரே ஆலயத்தில் வாரம் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தும், அவர் சிரிக்காததை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை.

இத்தனை வாரமாகப் பிரசங்கத்தை மற்றவர்களிடம் விட்டிருந்தவர், அடுத்த ஞாயிறு மறுபடியும் மேடை ஏறினார். சின்னப் பிரசங்கம். குரலில் முன்பிருந்த கம்பீரம் இல்லை, ஆனால் அவர் சொன்னதெல்லாம் அவரிடம் இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து அவர் மாறுதலாகிப் போனார். இப்போதைய போதகர் ஞாயிறுதோறும், ஜெபம் தேவைப்படுகிறவர்களைக் கைதூக்கச் சொல்கிறார். தேர்வுக்கு, அறுவைசிகிச்சைக்கு, மகனின் வெளிநாட்டு வேலைக்குக் கைகள் எழும். நானும் மற்றவர்களுக்காகத் தூக்கியிருக்கிறேன். போன ஞாயிறு எனக்காகத் தூக்கினேன்.

“எதுக்குங்க டீச்சர்?”

“சந்தோஷத்துக்குங்க. எங்கிட்ட இல்லீங்க.”

தலைகள் திரும்பின. யாரோ இருமினார்கள். முகம் பற்றி எரிந்தது. இத்தனை வயதில், பாடகர் குழுவின் நடுவே நின்றுகொண்டு. கையை இறக்கிவிடலாமா என்று நினைத்த நேரத்தில், ஆண்கள் பக்கம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார் பொருளாளர்.

“எனக்குமுங்க” என்றார்.