இரண்டு கணினி, இரண்டு கார்டு

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு கணினிக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். வாசல் கண்ணாடிக்கு அருகில் இரண்டு கணினிகள் ஒரே படத்தை வரைந்துகொண்டிருக்கும். ஒன்றில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு, மற்றதில் புதியது. எப்போதும் புதியதுதான் முந்தும். பார்த்தவர்கள் அதையே வாங்கினார்கள். வேகம் கார்டில் இல்லை, அது இருந்த கணினியே வேகமானது என்பது முதலாளிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

பக்கத்துச் சிலிபினிலிருந்து ஒருநாள் வந்த மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா. கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கி எடை பார்ப்பார், விலைப்பட்டியலைக்கூட விடவில்லை. படம் வரைவதை மூன்று முறை பார்த்தார். போட்டிக் கடைக்காரன் அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன்.

“தம்பி, ரெண்டு கார்டையும் கம்ப்யூட்டர் மாத்திப் போடுங்க, பார்ப்போம்.”

“கழட்டுனா கெட்டுப்போயிரும்ணே.”

“போட்டது நீங்கதானே லா?”

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மாற்றிப் போட்டேன். இம்முறை பழைய கார்டு முந்தியது.

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?”

“எஸ்டேட்டுல ரப்பர் பால் நிறுக்கிற எடத்துல ரெண்டு தராசு இருந்துச்சு. துரை வந்தா ஒன்னு, மத்த நாளைக்கு ஒன்னு.”

மேசையிலிருந்த புதிய கார்டின் பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, எதுவும் வாங்காமல் கிளம்பினார்.

அந்தத் தராசுக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள், நிறுத்தவர் பக்கமா பால் கொண்டுவந்தவர் பக்கமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நான் நின்ற பக்கம் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.