மூன்று ஐம்பதுக்குப் பொன்

எனக்குச் சந்தேக புத்தி என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்குப் பெயர் சந்தேக புத்தி என்றால், ஆமாம், இருக்கிறது. முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்த்தவள் நான். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருக்காக யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கண்டுபிடித்தே பழகியவள். ஓய்வு பெற்ற அன்று அந்தக் கண்ணைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டா வர முடியும்?

எங்கள் மாடி அறைக்கு ஓர் ஓவியர் குடிவந்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வேலை என்ன என்று கேட்டேன். "படம் போடறேன்க்கா" என்றார். எங்கே என்றேன். "இங்கேதான்" என்றார். எந்தக் கம்பெனி என்றேன். சிரித்தார். கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று இல்லை. அப்படி ஒரு மனிதர் பகல் முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் உறுத்தாது? மரியாதையாக வேறு பேசினார். அதுவும் உறுத்தியது.

காலை ஆறு பத்துக்கு அவர் கதவு திறக்கும். ஆறே முக்கால் வரை நடை. வந்ததும் ஒரு பழைய பனியனை மாட்டிக்கொள்வார். அதில் இல்லாத நிறம் கிடையாது. பதினொன்று வரைக்கும் ஆர்டர் படங்கள். கல்யாண ஜோடி, காலமான அப்பா, தூர தேசத்துப் பேரன் என்று யாராவது போட்டோ கொடுத்துவிட்டுப் போவார்கள். போட்டோவில் சின்னக் கட்டம், துணியில் பெரிய கட்டம் போட்டுக்கொண்டு, கட்டம் கட்டமாக மூக்கையும் காதையும் ஏற்றுவார். காலமானவர்களைக் கொஞ்சம் சிரிக்க வைத்துக் கொடுங்கள் என்று கேட்பார்களாம். அதற்கப்புறம் மரச்சட்டத்தில் துணியை இழுத்து ஆணி அடிப்பது, வெள்ளை பூசுவது, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பது. என் தலைக்கு மேல் ஒரு மணி நேரம் சரக் சரக்கென்று கேட்கும். டர்பன்டைன் வாடை படி இறங்கி வந்து என் சமையலறையில் உட்கார்ந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கை போன் செய்வாள். "எப்பண்ணே ஒரு வேலைக்குப் போகப் போற?" என்று அவள் கேட்பது எனக்கே கேட்கும், நான் அப்போது தற்செயலாகப் படியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். "வேலைலதாம்மா இருக்கேன்" என்பார்.

மூன்று மணிக்குமேல்தான் விஷயமே. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு எதிர்வீட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பாத்திரக் கடைக்காரர் வீடு அது. பார்ப்பார், ஒரு சின்ன நோட்டில் எழுதுவார், மறுபடி பார்ப்பார். இரண்டு மாதமாக இதே கதை. ஒரு மனுஷன் ஒரு வீட்டை இப்படியா வெறிப்பான் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "படம் போடறவர் கண்ணை மூடிக்கிட்டா போடுவார்?" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மாடி ஜன்னல் திறந்திருந்தது. என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்துகொண்டு போனேன். ஜன்னலைச் சாத்தத்தான் போனேன், சத்தியம். நாற்காலிமேல் நோட்டு கிடந்தது. பிரித்தேன்.

"3.20 – வாசல் கதவு மூடியாயிற்று. பக்கச் சுவர் இருட்டு. 3.50 – மேல் ஜன்னலில் பொன். ஐந்து நிமிஷம்தான். அதற்குள் அடித்துவிட வேண்டும். இன்றும் தவறிவிட்டது. நாளைக்குத் தயாராக நிற்க வேண்டும்."

பொன்னாம்! அடித்துவிட வேண்டுமாம்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படி என்று தெரியாது, நோட்டு என் கையோடு கீழே வந்துவிட்டது. சாயங்காலம் அவர் இறங்கி வந்து, "அக்கா, என் நோட்டு எங்கயாவது கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டார். "எந்த நோட்டு?" என்றேன்.

நாலாம் நாள் எதிர்வீட்டில் அழுகைச் சத்தம். மாடி பீரோவில் இருந்த நகை அத்தனையும் காணோம். பட்டப்பகலில், எல்லோரும் கடைக்குப் போயிருந்த நேரத்தில். நான் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் வரும் நேரம், போகும் நேரம், யார் போன் செய்கிறார்கள், எந்தப் பையோடு போகிறார் என்று ஒன்று விடாமல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் எழுதி எழுதிக் கையை உதறினார். "என் பேர் வெளிய வரக்கூடாது சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மூன்றரைக்கு மேல் வந்தார்கள். நானும் பின்னாலேயே மாடி ஏறினேன். வீட்டுக்குச் சொந்தக்காரி இல்லையா? இன்ஸ்பெக்டர் நோட்டை நீட்டி, "இது உங்களுதா?" என்றார்.

ஓவியர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா சார்! இத்தனை நாளா தேடறேன். எங்க கிடைச்சுது?"

"கிடைச்சுது. அடிக்கணும் அடிக்கணும்னு எழுதியிருக்கீங்களே, என்னத்தை அடிக்கணும்?"

"பெயின்ட்டு சார்." அவருக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. "நான் கடை போர்டு எழுதிப் பொழைச்சவன். வரையறது, தீட்டறதெல்லாம் வாய்ல வராது. அடிக்கிறதுதான்."

"பொன்னு?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு நிமிஷம் இருங்க சார்."

ஜன்னலோரம் நின்ற படத்தின் மேலிருந்த துணியை விலக்கினார். எதிர்வீடு. காரை பெயர்ந்த பக்கச் சுவர், துருப்பிடித்த குழாய், வாசலில் கவிழ்த்து வைத்த வாளி. நான் தினம் பார்க்கிற வீடுதான். அந்தச் சுவரில் அத்தனை நிறம் இருப்பதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மேல் ஜன்னல் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. மூன்று ஐம்பதுக்கு வெயில் சாய்ந்து எதிர்வீட்டுக் கண்ணாடியில் பட்டது. ஜன்னல் முழுக்கத் தகதகவென்று பொன். கான்ஸ்டபிள் வாயைப் பிளந்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் அணைந்து போயிற்று.

படி இறங்கும்போது இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். "அந்த வீட்டைப் பத்தி அவர் எழுதினது நாலு பக்கம்மா. அவரைப் பத்தி நீங்க சொன்னது எங்ககிட்ட ஆறு பக்கம் இருக்கு."

நகையை எடுத்தவன் பீரோவுக்குச் சாவி செய்ய வந்த ஆள். இரண்டே நாளில் பிடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் நோட்டு விஷயம் தெருவெல்லாம் பரவி, பாத்திரக் கடைக்காரர் தன் மேல் ஜன்னலை வெளிப்பக்கமாக ஒரு நீலத் தார்ப்பாயால் இறுகக் கட்டிவிட்டார். ஓவியர் அந்த மாதக் கடைசியில் ஒரு கண்காட்சிக்குப் படம் கொடுக்க வேண்டும். யாருடைய போட்டோவும் இல்லாமல் தாமாகப் பார்த்துப் போட்ட படம் ஒன்று சுவரில் தொங்கப்போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. இன்னும் ஒரு வாரத்தில் வெயில் அந்த ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுமாம்.

"ஞாபகத்துல இருக்கிறதை வெச்சு அடிச்சுடுங்களேன்" என்றேன்.

"பாக்காம அடிச்சா அது திருட்டுக்கா" என்றார். அவர் யதார்த்தமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கடைக்காரர் மனைவி சங்கிலியைக் கழற்றாமலே நாலு விரல் அளவுக்குத் திறந்தாள்.

"உங்க மாடி ஜன்னல்ல கட்டியிருக்கிற தார்ப்பாயைக் கொஞ்சம் அவுக்கணும்மா."

"எதுக்கு?"

"தினம் மூணு அம்பதுக்கு மட்டும். அஞ்சு நிமிஷம் போதும்."

"அந்த நேரம் நாங்க யாரும் வீட்ல இருக்க மாட்டோமே."

"பரவாயில்ல, நீங்க இல்லாட்டிதான் என்ன..."

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கண் என்னை உச்சி முதல் பாதம் வரை அளந்தது. எத்தனை பேரை நான் அப்படி அளந்திருப்பேன்! "அந்த நோட்டுக்காரர்தான் உங்களை அனுப்பினாரா?" என்றாள் உரக்க.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் மாடி ஜன்னலில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஏதாவது மழுப்பிவிட்டு வந்துவிடலாம். தார்ப்பாய் அப்படியே கிடக்கும்.

"அவர் அனுப்பல. அந்த நோட்டைத் திருடினதே நான்தான். ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். அந்த மனுஷன் உங்க ஜன்னல்ல விழற வெயிலைத் தவிர வேற எதையும் பாக்கல" என்றேன். என் குரல் தெருக்கோடி வரை போயிருக்கும்.

அன்று மத்தியானமே தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார்கள். மூன்று ஐம்பதுக்கு என் தலைக்கு மேல் நாற்காலி நகர்ந்தது. ஆறு நாள் அப்படி நகர்ந்தது. படம் கண்காட்சிக்குப் போயிற்று. அவர் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதையே பேசினார். என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் ஓவியர் கீழே வந்து வாசலிலேயே நின்றார். அதே சிரிப்பு, அதே மரியாதை.

"அந்த இன்னொரு சாவியைக் கொடுத்துடுங்க மேடம்" என்றார்.

இரண்டு வருஷமாக என்னை அக்கா என்று கூப்பிட்டவர்.