அந்தப் பழைய பாட்டு மாதிரி

வாய்ஸ் நோட் அனுப்பிவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு மைக் படம் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேட்ட பிறகுதான் அது நீலமாகும். துணி காயப்போடும்போது பார்ப்பேன். குக்கர் விசிலுக்கு நடுவே பார்ப்பேன். வங்கித் தேர்வுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையில் பார்ப்பேன். இத்தனைக்கும் எங்கள் குழுவில் இருப்பது மூன்றே பேர்.

ஒருத்தி என்னோடு கல்லூரியில் படித்தவள். திருவேங்கடம் பக்கம் ஒரு சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு வாசிக்கிறாள். இன்னொருவர், நாங்கள் இருவரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கல்யாண சீசன் வந்துவிட்டால் கடையைச் சாத்திவிட்டு ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கப் போய்விடுவார். மூன்றாவது ஆள் நான். என்னிடமும் ஒரு கீபோர்டுதான் இருக்கிறது, அதில் பியானோ சத்தத்தைத் தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை. மற்ற இருவரும் மற்றவர்கள் பாட்டை வாசிப்பவர்கள். நான் மட்டும் சொந்தமாகப் போடுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அப்படிப் போட்டதில் முதல் முறையாக எனக்கே பிடித்த ஒன்று வந்தது. நான்கு வரி மெட்டு, வலது கை பாட, இடது கை பின்னாலேயே சாவகாசமாக நடந்துவரும். பதிவு செய்து அனுப்பினேன். அண்ணனிடமிருந்து பதில் குரலாகவே வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டாவது வரி அந்தப் பழைய பாட்டுல்லா? பின்னால தாளம் யாரு, பக்கத்து வீட்டுத் தறியா? அது பிரமாதம்."

அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பழைய பாட்டை இரண்டு வரி முனகியும் காட்டினார். போயிற்று. அதற்கப்புறம் என் இரண்டாவது வரியை வாசித்தால் அவர் முனகலே எனக்குக் கேட்டது.

எங்கள் பக்கம் புதிதாக ஒரு மெட்டைக் கேட்டவுடன் யாரும் நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று ஆரம்பிப்பதில்லை. இது எந்தப் பாட்டு மாதிரி என்றுதான் ஆரம்பிப்பார்கள். முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு கௌரவம். அண்ணனிடமிருந்து தப்பிக்க எந்தப் பாட்டாலும் முடியாது. எனக்கு மட்டும் அது விளையாட்டாகப் படவில்லை. இந்த நான்கு வரியும் என்னுடையதா, இல்லை எப்போதோ பஸ்ஸில் கேட்டதைத்தான் என் விரல் திருப்பித் தருகிறதா? இது தெரியாமல் அடுத்த மெட்டுக்குப் போக முடியவில்லை.

இரண்டாவது வரியை மாற்றி அனுப்பினேன். இந்த முறை அவள்.

"ஏட்டி, இது எங்க சர்ச்ல காணிக்கை நேரத்துல பாடுததுல்லா. நேத்துகூட வாசிச்சேன்."

மறுபடி மாற்றினேன். ஒரு சுரம் பழக்கமான பக்கம் திரும்புகிற மாதிரி இருந்தாலே பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தேன். முதல் பதிவை என் போனிலிருந்து அழித்தேன். சாப்பிடும்போது தட்டு ஓரத்தில் விரல் தட்டிக்கொண்டே இருந்ததால் வீட்டில் திட்டு வாங்கினேன். கடைசியில் வந்ததை அனுப்பாமல், நேரில் கேட்கச் சொல்லலாம் என்று கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனேன். சந்தைக்கு வந்த அவளும் அங்கே வந்துவிட்டாள். பிரித்துப் போட்ட ஸ்பீக்கர்களை ஒதுக்கி இடம் பண்ணினோம். வாசித்தேன்.

முடித்துவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இப்ப எந்தப் பாட்டு மாதிரியும் இல்ல" என்றார் அண்ணன்.

"நெசமாவா?"

"பாட்டு மாதிரியே இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கீபோர்டை அணைத்தேன்.

"அப்போ நான் என்னதான் போடணும்ங்கிய?"

"உள்ளதே பன்னெண்டு சுரம் பிள்ள. எந்த சீட்ல போய் உக்காந்தாலும் எவனாவது ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு வச்சிருக்கத்தான் செய்வான்."

"நின்னுக்கிட்டே வாரேன்" என்று சொல்லிவிட்டு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். குழுவில் அதன்பின் எதுவும் போடவில்லை. தேர்வுக்குப் படிக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். படிக்கவும் இல்லை.

அப்புறம் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் அண்ணனின் ஆர்கெஸ்ட்ரா. பொண்ணும் மாப்பிள்ளையும் போட்டோகிராபரிடம் மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் வரவே இல்லை. பாடுகிறவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். இடைவெளியை நிரப்ப அண்ணன் தனியாக ஏதோ வாசிக்க ஆரம்பித்தார். முதல் வரி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. என் மெட்டு! நான் அழித்த முதல் மெட்டு, குழுவிலிருந்து எடுத்திருக்கிறார்.

என் பக்கத்து நாற்காலியில் அப்பாவின் சித்தப்பா மகன், எனக்குப் பெரியப்பா முறை. அவர் மறுபக்கத்து ஆளைத் தட்டினார்.

"வே, இது என்ன படம்?"

"வாய்க்குள்ள நிக்குது அண்ணாச்சி."

"பெரியப்பா, இது படப்பாட்டு இல்ல" என்றேன். "நான் போட்டது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னது! நீ பொறக்கதுக்கு முன்னாலயே நான் கேட்டிருக்கேன் மக்கா."

அப்போது இரண்டாவது வரி வந்தது. அண்ணன் பிடித்த அதே வரி. பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டார். தொடையில் தாளம் போட்டபடி கூடவே முனக ஆரம்பித்தார். மறுபக்கத்து ஆளும் சேர்ந்துகொண்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

வரியின் கடைசியில் இருவர் முனகலும் மேலே ஏறியது. மெட்டு ஏறவில்லை. ஓர் அரைச் சுரம் சறுக்கி, இடது கை இருக்கிற இடத்துக்கே இறங்கி, அங்கிருந்து வேறு எங்கோ போயிற்று. அவர்கள் இருவரும் மேலேயே மாட்டிக்கொண்டார்கள்.

"என்ன வே, தப்பா வாசிக்கான்?"

"தப்பில்ல அண்ணாச்சி. இது வேற."

பெரியப்பா முனகுவதை நிறுத்திவிட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். மூன்றாவது வரி முழுக்க அப்படியே கேட்டார். அந்த வரியில் அவருக்குப் பிடிமானமாக எந்தப் பாட்டும் கிடைக்கவில்லை என்பது அவர் நெற்றியைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கோ நாற்காலியில் உட்கார முடியவில்லை. இடது கை வாசிப்பை அண்ணன் பாதியாகக் குறைத்துவிட்டார், அதை வேறு அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

நான்காவது வரி தொடங்கும்போது வாசலில் சத்தம். பொண்ணும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். அண்ணன் வரியின் நடுவிலேயே கையை எடுத்துவிட்டு, டிரம்ஸ்காரருக்குத் தலையை ஆட்டினார். வரவேற்புப் பாட்டு இடிமாதிரி ஆரம்பித்தது. கூட்டம் எழுந்து நின்றது.

பெரியப்பா மட்டும் உட்கார்ந்தபடியே என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏன் நிறுத்திட்டான்? மிச்சம் எப்படிப் போவும்?"

"சொல்லுதேன்."

"சொல்லாத. பாடு."

அவர் காதோரம் கை குவித்து என் பக்கம் சாய்ந்தார். டிரம்ஸுக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால், எனக்கு இருக்கிற குரலையெல்லாம் கூட்டி, நான்காவது வரியை முதலிலிருந்து பாடினேன்.